விற்பதற்கு முன் எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பெண்கள் பக்கத்தில் சோயா மெழுகுவர்த்தி செய்து வீட்டிலிருந்தே சம்பாதிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று மதியமே விருதுநகரிலிருந்து என் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை, பத்தாயிரம் ரூபாய் இருந்தா போதுமாமே, நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஆரம்பி. ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுகூட விக்காதே" என்றேன். விற்காமல் என்ன தொழில் என்று அவளுக்குக் குழப்பம். போனில் சொல்லி முடியவில்லை. அவளைப் போலவே உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் சாமான் வாங்கக் கிளம்பியிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். 2022 ஆடி மாதம் 5 கிலோ சோயா மெழுகோடு இந்தத் தொழிலைத் தொடங்கினேன். இன்றும் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் யாரையும் தடுக்க இதை எழுதவில்லை. கட்டுரையில் உருக்கு, வாசனை ஊற்று, கண்ணாடியில் நிரப்பு, ஆறவிடு என்று நான்கு வரியில் முடித்திருந்தீர்கள். அது எல்லாம் சரிதான். ஆனால் ஊற்றுவது இந்தத் தொழிலில் கால் பங்கு வேலை. மீதி முக்கால் பங்கு, ஊற்றியதை எரித்துப் பார்ப்பது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏன் எரித்துப் பார்க்க வேண்டும் என்றால், திரிக்காகத்தான். சோயா மெழுகு என்பது சோயா எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. வனஸ்பதி உறைவதும் இதே முறையில்தான். கண்ணாடியில் ஊற்றும் வகை, 45 முதல் 50 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். நாம் சின்ன வயதில் கரண்ட் போனால் ஏற்றிய வெள்ளை பாரஃபின் மெழுகுவர்த்தியைவிட மென்மையானது, அதனால் தனியாக நிற்காது, கிண்ணமோ கண்ணாடியோ வேண்டும். கண்ணாடிக்குள் எரியும்போது திரி மெலிதாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறு மாதிரி குழி விழும், ஓரத்து மெழுகு அப்படியே நிற்கும். திரி தடிமனாக இருந்தால் சுடர் ஓங்கி எரிந்து கரி படியும், கண்ணாடி தொட முடியாத அளவுக்குச் சுடும். என் கண்ணாடியின் வாய் 7.5 சென்டிமீட்டர். அடியில் தகரத் தட்டு வைத்த பருத்தித் திரியில் மூன்று அளவு வாங்கினேன். முதல் அளவு குழி விழுந்தது. மூன்றாவது அளவில் கண்ணாடி கறுத்தது. நடு அளவு சந்தன வாசனைக்குச் சரியாக இருந்தது. அதே திரியை வெனிலாவுக்குப் போட்டால் அணைந்து அணைந்து போனது. வாசனை எண்ணெய் மாறினால் திரியும் மாற வேண்டியிருக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மெழுகுவர்த்தியைச் சோதிக்க எவ்வளவு நாள் ஆகும் தெரியுமா? ஊற்றியதும் எரிக்கக் கூடாது. சோயா மெழுகு மேலுக்கு இறுகினாலும் உள்ளே இறுகி முடிய நாளாகும். பத்து முதல் பதினான்கு நாள் மூடி வைத்தால்தான் வாசனை நன்றாக எழும், திரியின் போக்கும் சரியாகத் தெரியும். அப்புறம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எரித்து, அணைத்து, முழுதாக ஆறவிட்டு, மறுநாள் திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். என்னுடைய மெழுகுவர்த்தி ஒன்று தீர எட்டு ஒன்பது நாள் ஆகும். ஆக ஒரு சுற்றுக்கு மூன்று வாரம். முதல் சுற்று சரியாக வராது, இரண்டாவது சுற்று கட்டாயம் வேண்டும். நாத்தனார் மகளுக்கு நான் சொன்ன இரண்டு மாதக் கணக்கு இதுதான்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவேன். ஏற்றிய நேரம், உருகிய மெழுகு விளிம்பைத் தொட எத்தனை மணி நேரம் ஆனது, உருகிய குளம் எவ்வளவு ஆழம், கரி படிந்ததா, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் தொட முடிகிறதா, எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஓரம் வரை உருகி, ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அந்தத் திரி சரி. முதலில் வாங்கிய 5 கிலோவில் ஒன்றைக்கூட நான் விற்கவில்லை. முப்பது மெழுகுவர்த்தி, எல்லாம் வீட்டிலேயே எரிந்து தீர்ந்தன. அந்த நேரம் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. இன்று யாராவது "என்ன திரி போடுறீங்க?" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறேன் என்றால் அந்த 5 கிலோதான் காரணம்.

இதில் இன்னொரு விஷயம். நாம் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டில் எடுத்தவை. அறை வெப்பம் 20 டிகிரி என்று சொல்லி, கண்ணாடியை முன்னதாகச் சூடாக்கச் சொல்கிறார்கள். பங்குனியில் மதுரையில் என் சமையலறை அலமாரியில் இருக்கும் கண்ணாடியே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டில் காற்றாடி கிடையாது. நம் வீட்டில் காற்றாடி இல்லாமல் யார் உட்காருவார்கள்? காற்றில் சுடர் ஆடினால் ஒரு பக்கம் மட்டும் உருகும், கரியும் வரும். அதனால் காற்றாடியை நிறுத்தி ஒரு முறை, இரண்டில் வைத்து ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் சோதிக்கிறேன். வாங்குபவர்களிடமும் காற்றாடிக்கு நேர் கீழே வைக்காதீர்கள் என்று சொல்லியே கொடுக்கிறேன்.

வெயிலால் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். 2023 சித்திரையில் ஒரு வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வைக்க 24 சின்ன மெழுகுவர்த்தி கேட்டார்கள், சென்னைக்கு. பகல் வண்டியில் பார்சல் போட்டேன். மறுநாள் அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து அழுதுவிட்டேன். மெழுகு இளகி ஒரு பக்கமாகச் சரிந்து, மூடி வழியாக எண்ணெய் கசிந்து, அட்டைப்பெட்டி நனைந்து, லேபிள் உரிந்து கிடந்தது. மூடிய வண்டிக்குள் வெயில் நேரத்தில் சூடு 50 டிகிரியைத் தாண்டும். 48 டிகிரியில் உருகும் பொருளை அதில் அனுப்பியது என் தவறு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது சித்திரை தொடங்கி கத்திரி முடிகிற வரை வெளியூர் பார்சல் கிடையாது, உள்ளூரில் கையில்தான் கொடுக்கிறேன். மற்ற மாதங்களிலும் ராத்திரி வண்டிதான். உருகுநிலை கூடிய மெழுகைக் கலந்தும் பார்த்தேன். கொஞ்சம் தாங்குகிறது. ஆனால் கலவை மாறியதும் திரிச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லாவிட்டால் சரியாக இருக்காது. நான் முதலில் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு 3,000 ரூபாய், கூடவே ஒரு கிட். பெயர் வேண்டாம். கிட்டில் சாறு குடிக்கிற மெல்லிய கண்ணாடி டம்ளர்தான் இருந்தது. மெழுகின் மேல் காய்ந்த ரோஜா இதழும் பட்டைத் துண்டும் அன்னாசிப் பூவும் வைத்து அலங்கரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. வீட்டில் ஏற்றிய இரண்டாவது மணி நேரத்தில் இதழ் சுடர்ப் பக்கம் நகர்ந்து பற்றிக்கொண்டது. ஒரு திரி இருந்த இடத்தில் மூன்று சுடர். சூடு தாங்காமல் டம்ளர் விரிசல் விட்டு, உருகிய மெழுகு டிவி மேசையில் ஓடியது. நல்லவேளை, என் மகள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தாள், ஓடி வந்து ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். மேசையில் அந்த வடு இன்னும் இருக்கிறது. அதே மெழுகுவர்த்தியை யாராவது வாங்கி, ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அதனால் ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. அதிலும் திரியைச் சுற்றிக் காய்ந்த பூக்கள்தான். தயவுசெய்து அடுத்த வாரம் ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள். எரிகிற மெழுகுவர்த்தியில் பூவும் இலையும் பட்டையும் வைக்கக் கூடாது. சூடு தாங்கும் தடித்த கண்ணாடி வேண்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடரின் சூடு நேராகக் கண்ணாடியில் இறங்கும். மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கித்தான் உருக்க வேண்டும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ மேலே சீறும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். நான் உருக்கும்போது மூடி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

அளவும் சொல்லிவிடுகிறேன், பலர் கரண்டிக் கணக்கில் ஊற்றுகிறார்கள். தராசில் எடை போட வேண்டும். 1 கிலோ மெழுகுக்கு நான் 80 கிராம் வாசனை எண்ணெய் சேர்க்கிறேன். அதிகம் ஊற்றினால் அதிகம் மணக்கும் என்பது தவறு, மெழுகு தாங்காமல் மேலே எண்ணெய் கசியும். மெழுகு 80, 85 டிகிரியில் இருக்கும்போது வாசனையைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 55 முதல் 60 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுகிறேன். வெப்பமானி இல்லாமல் இது நடக்காது. வாசனை எண்ணெய் மெழுகுவர்த்திக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், அதன் பாதுகாப்பு விவரங்கள் அடங்கிய தாளை, அதாவது சேஃப்டி டேட்டா ஷீட்டை, கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேக்குக்குப் போடும் எசென்ஸும் உடம்பில் அடிக்கும் சென்டும் உதவாது. நிறத்துக்குக் குழந்தைகளின் கிரேயானை உருக்கிப் போடுகிறார்கள், அது திரியை அடைத்துவிடும். மேலே வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், சோயாவின் இயல்பு அது.

மதுரைக்காரி என்பதால் மல்லி வாசனையில்தான் ஆசை அதிகம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை வேறு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு கிலோ பூ வாங்கி வந்து தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, சூடாக்கி, வடிகட்டி, மெழுகில் கலந்தேன். எரித்தபோது வாடிய பூவைக் கொதிக்க வைத்த மாதிரி ஒரு நாற்றம். மல்லியின் மணம் சூட்டில் நிற்காது. அதைக் கரைப்பான், அதாவது மணத்தைக் கரைத்து எடுக்கும் திரவம், வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள், டன் கணக்கில் பூ போனால் சில கிலோதான் கிடைக்கும், விலை லட்சத்தில் போகும். கடையில் கிடைக்கும் மல்லி மெழுகுவர்த்தியில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த வாசனைதான். என்னுடையதிலும் அதுதான். முதலில் அடித்த லேபிளில் '100 சதவீதம் இயற்கை' என்று போட்டிருந்தேன். அந்தப் பூவைக் கொதிக்க வைத்த நாளுக்குப் பிறகு அதைப் பார்க்கவே மனம் உறுத்தியது. மிச்சமிருந்த லேபிள்களைக் கிழித்துவிட்டு, 'சோயா மெழுகு, பருத்தித் திரி, சேர்க்கப்பட்ட வாசனை' என்று புதிதாக அடித்தேன். விற்பனை குறையவில்லை. சோயாவில் புகையே வராது, பாரஃபின் விஷம் என்றெல்லாம் பயமுறுத்தி விற்பதும் எனக்குச் சம்மதமில்லை. திரி நீண்டால் எந்த மெழுகும் கரி கக்கும். பாரஃபின் மெழுகுவர்த்தி செய்து வேளாங்கண்ணிக்கும் ஊர்த் திருவிழாக்களுக்கும் கொடுத்துப் பிழைக்கிற குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்து நான் விற்க வேண்டாம்.

சொல்லப்போனால் மதுரையில் மல்லி அவ்வளவாகப் போகவில்லை. "தலையிலதான் இருக்கே, அதை எதுக்கு ஏத்தணும்?" என்று ஒரு அக்கா கேட்டார். வெட்டிவேரும் சந்தனமும்தான் போகின்றன.

இனி கணக்கு. ஒரு மெழுகுவர்த்திக்கு 200 ரூபாய் லாபம் என்று எழுதியிருந்தீர்கள். என் நோட்டில் இருப்பது இது: 160 கிராம் மெழுகு 48 ரூபாய், வாசனை எண்ணெய் 38, மூடியோடு கண்ணாடி 55, திரி 4, லேபிளும் எச்சரிக்கை ஸ்டிக்கரும் 8, பெட்டியும் உள்ளே சுற்றும் காகிதமும் 25, எரிவாயு 5. மொத்தம் 183 ரூபாய். விலை 350. நானே நேரில் விற்றால் 167 ரூபாய் நிற்கும். கடையில் வைத்தால் அவர்கள் பங்கு 35 சதவீதம், அது போக என் கைக்கு 227 ரூபாய் வரும். அசலைக் கழித்தால் 44 ரூபாய்தான் மிச்சம். சோதனையில் எரிந்தது, உடைந்த கண்ணாடி, பெட்ரோல் எல்லாம் இதற்குள்தான். என் உழைப்புக்கு இதில் கணக்கே போடவில்லை. கண்ணாடிதான் பெரிய செலவு என்பதால், காலிக் கண்ணாடியைக் கழுவித் திருப்பித் தந்தால் அடுத்ததில் 30 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன். வில்லாபுரத்திலும் அவனியாபுரத்திலும் பல வீடுகளில் ஒரே கண்ணாடி நான்கு முறை சுற்றி வந்திருக்கிறது. பதினான்கு நாள் காத்திருக்கும் சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதையும் ஆரம்பிப்பவர்கள் மறக்கக் கூடாது. தீபாவளிக்கு விற்க வேண்டுமானால் புரட்டாசியிலேயே ஊற்றிவிட வேண்டும்.

பதிவு விஷயத்தில் நான் ஏமாந்தேன், மற்றவர்கள் ஏமாற வேண்டாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம். அரசுத் தளம் மாதிரியே இருந்த ஒரு தனியார் தளத்தில் 1,500 ரூபாய் கட்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. லேபிளும் அப்படித்தான். ஒரு கைவினைப் பொருள் கடைக்காரர் என் மெழுகுவர்த்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடை எங்கம்மா? எம்ஆர்பி எங்க? எந்த மாசம் செஞ்சது?" என்றார். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த விலை, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். அவர் கோபிக்காமல் எழுதிக் கொடுத்தார், இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்கும் ஆன்லைன் தளங்களில் சேர்வதற்கும் விதி வேறு, ஒரு கணக்காளரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

கடன் வாங்க அவசரப்பட வேண்டாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற தொடக்கநிலைப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதமும் நகரத்துப் பெண்ணுக்கு 25 சதவீதமும் மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஆனால் அதெல்லாம் உங்கள் மெழுகுவர்த்தி ஒழுங்காக எரிகிறது என்று தெரிந்த பிறகுதான். ஒரு கண்ணாடி, இரண்டு வாசனை, மூன்று திரி, 5 கிலோ மெழுகு. தொடங்க இது போதும்.

என்னிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் இலவசமாகத் தொழில் சொல்லித் தருகிறார்கள். எந்தப் பயிற்சியில் மெழுகுவர்த்தி கற்றுத் தந்தாலும், கடைசி ஒரு நாளை எரித்துப் பார்ப்பதற்கும் தீப் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதினால் அவர்கள் காதில் விழும். நான் சொன்னால் விழாது. சுயதொழில் பற்றி எழுதும்போது, அதைச் செய்கிற ஒருவரின் செலவு நோட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். காசை எண்ணி எண்ணி எடுத்து வைத்துத்தான் பெண்கள் இதில் இறங்குகிறார்கள்.

என் நோட்டிலிருந்து திரிச் சோதனைப் பக்கங்கள் மூன்றை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி கறுத்த அந்த மூன்றாவது திரியின் பக்கமும் அதில் இருக்கிறது. இடம் இருந்தால் அதை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை